பெரிய மீனுக்கு எந்த ராடு? உடைந்த ஒரு ராடும் ஒரு புருவத் தையலும் சொன்ன பதில்

"டாக்டர், பெரிய மீன் வந்தாலும் உடையாத மாதிரி ஒரு ஸ்லோ பிட்ச் ராடு சொல்லுங்க."

போன வாரம் கிளினிக்கில் ஒரு தம்பி கேட்டது இது. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒப்பந்த வேலை. வலது முழங்கை வலி என்று வந்தார். வலிக்கு மாத்திரை எழுதும்போதுதான் ஞாயிற்றுக்கிழமை தூண்டில் போடுகிற பழக்கம் வெளியே வந்தது. ஒரு மாசச் சம்பளத்தை ராடுக்குக் கொடுக்கத் தயாராக இருக்கிறார்.

வெளியே இருபது பேர் காத்திருந்தாங்க. அஞ்சு நிமிஷத்தில் சொல்லி முடிக்கிற பதில் இல்லை. அதனால் இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளமான இழை, பொறுமையாகப் படியுங்கள்.

மீன் பிடிக்காதவர்களும் படிக்கலாம். இதில் பாதி முதுகெலும்பு பற்றியது.

முதலில், ஸ்லோ பிட்ச் ஜிக்கிங் என்றால் என்ன?

ஜிக் என்பது மீன் வடிவத்தில் வார்த்த ஈயக் கட்டி. அதைக் கடலடி வரை இறக்கி, ராடால் சின்னதாகத் தூக்கி, தளர விடுவோம். அது அடிபட்ட மீன் மாதிரி பக்கவாட்டில் புரண்டு புரண்டு விழும். பெரும்பாலும் அப்படி விழும்போதுதான் மீன் கவ்வும். ஜப்பானில் நோரிஹிரோ சாட்டோ என்பவர் வளர்த்தெடுத்துப் பரப்பிய முறை இது.

இதில் கையால் வேகமாக வெட்டி வெட்டி இழுக்கிற வேலை இல்லை. ரீல் கைப்பிடியைக் கால் சுற்று, அரைச் சுற்று, ஒரு சுற்று என்று சுற்றினால் ராடின் முனை வளையும். வளைந்த முனை தானாக நிமிரும்போது ஜிக் மேலே எழும்பும். நாம் சுற்றுகிறோம், ராடு ஆட்டுகிறது.

இந்த ஒரு வரியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வேலைக்கு ஆகும்.

இனி என் கதை.

சில வருஷம் முன்னாடி 28,000 ரூபாய் கொடுத்து ஒரு ஸ்லோ பிட்ச் ராடு வாங்கினேன். ராடின் மேலேயே பி.இ. 2 வரை லைன் போடலாம் என்று அச்சடித்திருந்தது. நான் பி.இ. 5 போட்டேன்.

ஏன்? பயம். பெரிய மீன் வந்து லைன் அறுந்துவிட்டால்? விலை உயர்ந்த ராடு, அதைவிடத் தடித்த லைன், போதாததற்கு ட்ராக்கையும் முழுக்க முறுக்கி வைத்தேன். எல்லாமே பலமாக இருந்தால் எதுவும் உடையாது என்று ஒரு எம்.பி.பி.எஸ். படித்த மூளை கணக்குப் போட்டது.

பழவேற்காட்டிலிருந்து ஃபைபர் படகில் விடியற்காலை கிளம்பினோம். படகுக்கார அண்ணன், அவருடைய அக்கா பையன், நான். முகத்துவாரத்தைத் தாண்டி ஒன்றரை மணி நேரம். ஒரு பாரின் மேல் படகை நிறுத்தினார்கள். கடலுக்கு அடியில் இருக்கும் பாறைத்திட்டைப் பார் என்பார்கள்.

மூன்றாவது இறக்கத்தில் பிடித்தது. நல்ல கனம். ஆனால் அதிகம் அலட்டாமல் வந்தது. படகருகில் வந்தபோது பார்த்தோம், கடல்விரால். 15 கிலோ இருக்கும்.

கடல்விரால் பற்றித் தெரிந்தவர்களுக்கு இந்த இடத்தில் வயிறு கலங்கும். படகு வரை சாதுவாக வரும். படகைப் பார்த்ததும்தான் ஆட்டமே ஆரம்பம்.

அது நேராகக் கீழே பாய்ந்தது. நான் ராடை வானத்தைப் பார்க்க நிமிர்த்திப் பிடித்திருந்தேன். ட்ராக் ஒரு அங்குலம்கூட விடவில்லை.

பட்டாசு வெடித்த மாதிரி ஒரு சத்தம்.

முறிந்த முனைத் துண்டு, வலையோடு குனிந்திருந்த பையனின் இடது புருவத்தில் அடித்தது. ரத்தம். கண்ணைத் திறக்கச் சொல்லிப் பார்த்தேன், பார்வை இருந்தது. துண்டை மடித்து அழுத்திக்கொண்டு கரைக்கு வந்த ஒன்றரை மணி நேரமும் எனக்கு மீன் ஞாபகமே இல்லை. கிளினிக்கில் நாலு தையல். புருவத்தில் தையல் போடும்போது முடியை மழிக்கக் கூடாது, திரும்ப ஒழுங்காக வளராமல் போகலாம், ஓரங்கள் பொருந்துவதற்கு அந்த முடிதான் அடையாளம். அதையெல்லாம் சரியாகச் செய்தேன். கை மட்டும் நடுங்கியது.

ஒரு அங்குலம் கீழே பட்டிருந்தால் நான் தையல் போட்டிருக்க மாட்டேன். எழும்பூருக்குக் கண் ஆஸ்பத்திரிக்கு ஓடியிருப்பேன்.

அன்று சாயங்காலம் அண்ணன் என்னைத் திட்டவில்லை. ஒன்று மட்டும் சொன்னார்.

"டாக்டரே, நான் கம்பே இல்லாம கைக்கயித்துல இதே மீனைப் புடிக்கிறேன். அது இழுத்தா வுடுவேன், நின்னா இழுப்பேன். நீங்க ஒரு தபாகூட வுடலியே?"

அடுத்த அடி கிளினிக்கில் விழுந்தது. ரோலிங் மில்லில் ஃபிட்டராக இருக்கும் ஒருவர் பிரஷர் பார்க்க வருவார். அவரிடம் கதையைச் சொன்னேன். சிரித்துவிட்டார்.

"சார், எங்க மெஷின்ல ஷியர் பின்னுனு ஒண்ணு போடுவோம். லோடு அதிகமானா அந்தச் சின்ன பின்னு உடையும், கியர்பாக்ஸ் தப்பிக்கும். அது அடிக்கடி உடையுதேன்னு எவனாவது புத்திசாலி கெட்டியான பின்னா போட்டான்னு வைங்க, அடுத்த தடவ கியர்பாக்ஸே போயிடும். நீங்க அதத்தான் பண்ணியிருக்கீங்க."

வீட்டு ஃபியூஸ் போகுதே என்று தடித்த கம்பியைச் சுற்றி வைப்பது மாதிரி.

இந்த இழையில் நான் சொல்ல வருவது இதுதான். பலமான மீனுக்கு ராடு தேடும்போது "எது உடையாது" என்று கேட்காதீர்கள். "எது முதலில் விட்டுக்கொடுக்கணும்" என்று கேளுங்கள்.

முதலில் ட்ராக் விடணும். அதையும் மீறினால் லைனோ முடிச்சோ அறுபடணும். ராடு அதற்கும் அப்புறம். உங்கள் உடம்பு இந்த வரிசையிலேயே வரக் கூடாது.

ராடு ஏன் அவ்வளவு சுலபமாக உடைந்தது?

நம் தொடை எலும்பும் ராடும் ஒரே மாதிரி உருவம்தான். இரண்டும் உள்ளே கூடான குழாய். ஆனால் குணம் நேர் எதிர். எலும்பு அமுக்கத்தை நன்றாகத் தாங்கும், இழுவையில் பலவீனம். குழந்தையின் கை வளைந்து முறியும்போது பார்த்தால், இழுபடும் வெளிப்பக்கம்தான் முதலில் விரியும்.

கார்பன் ராடு இழுவையைப் பிரமாதமாகத் தாங்கும், அமுக்கத்தில் அதைவிடப் பலவீனம். வளைவின் உட்பக்கம் நசுங்கி, வட்டமான குழாய் முட்டை வடிவமாகி, பிறகு மடிந்து முறியும். ராடை வானத்துக்கு நிமிர்த்தினால் மொத்த வளைவும் மெல்லிய முனைப் பகுதியில் குவிகிறது. அந்த இடம் பென்சில் தடிமன்கூட இல்லை.

ராடைத் தாழ்த்தி லைன் போகும் திசையை நோக்கிக் காட்டினால், வளைவே குறைந்துவிடும். பாரம் நேராக ரீலுக்குப் போகும். ஸ்லோ பிட்சில் மீனோடு சண்டை போடுவது ரீல், ராடு இல்லை. ராடு ஜிக்கை ஆட்டுவதற்கு. மீன் பிடித்தபிறகு அது குனிந்துகொள்ள வேண்டும்.

அப்படியென்றால் கெட்டியான, வளையாத ராடு வாங்கினால் போச்சே?

இங்கேதான் உங்கள் முதுகு வருகிறது.

ஒரு எளிய கணக்கு. முதுகைத் தாங்கும் தசைகள் இடுப்பு டிஸ்க்கின் மையத்திலிருந்து சுமார் 5 சென்டிமீட்டர் பின்னால் இருக்கின்றன. முன்னால் தொங்கும் பாரம் எவ்வளவு தள்ளி இருக்கிறதோ, அத்தனை மடங்கு அந்தத் தசை இழுத்தாகணும்.

ட்ராக் 5 கிலோ என்று வைப்போம்.

வளையாத ராடைக் கிடைமட்டமாகப் பிடித்தால் முனை முதுகெலும்பிலிருந்து 2 மீட்டர் தள்ளி இருக்கும். தசை இழுக்க வேண்டியது 200 கிலோ.

ராடு வளைந்து முனை 1 மீட்டர் தூரத்துக்கு வந்தால், 100 கிலோ.

ராடைத் தாழ்த்தி லைன் 60 சென்டிமீட்டர் தூரத்தில் இறங்கினால், 60 கிலோ.

மீன் அதே மீன். ட்ராக் அதே ட்ராக். டிஸ்க் நசுங்குவது மட்டும் மூன்று மடங்குக்கு மேல் வித்தியாசம். கெட்டியான ராடு மீனை ஜெயிக்கவில்லை, நெம்புகோலின் தப்பான முனையில் உங்களை நிற்க வைத்திருக்கிறது. திங்கட்கிழமை ஷிஃப்டுக்கு நீங்கள் போக முடியாது, மீனுக்கு அந்தக் கவலை கிடையாது.

சரி டாக்டர், என்னதான் வாங்கணும்?

பிராண்ட் பெயர் சொல்ல மாட்டேன். மருந்திலும் நான் மூலக்கூறு பெயர்தான் பார்ப்பேன். வரிசையாக இப்படிப் பாருங்கள்.

1. ஆழத்தில் ஆரம்பியுங்கள், மீனில் அல்ல.

நீங்கள் போகும் படகுக்காரரிடம் எத்தனை பாகம் என்று கேளுங்கள். ஒரு பாகம் சுமார் 6 அடி. 30 பாகம் என்றால் ஏறத்தாழ 55 மீட்டர். ஒரு மீட்டர் ஆழத்துக்கு 2 முதல் 3 கிராம் ஜிக் என்பது பொதுவான கைக்கணக்கு. 55 மீட்டருக்கு 110 முதல் 165 கிராம். நீரோட்டம் இழுத்தால் இன்னும் கூட்டணும்.

2. அந்த எடை ராடின் அளவுக்கு நடுவில் விழணும்.

ராடின் மேல் ஜிக் எடை அச்சடித்திருக்கும். 150 கிராம்தான் அதிகம் போடுவீர்கள் என்றால், 80 முதல் 220 வரை போட்ட ராடு சரி. 300 கிராமுக்குச் செய்த ராடில் 120 கிராம் போட்டால் ஜிக் புரளாது, குதிக்கும். மீன் திரும்பிப் பார்க்காது. ஜப்பானிய ராடுகளில் ஒரே வரிசையில் 2, 3, 4, 5 என்று எண் ஏறும். அது பெரும்பாலும் ஜிக் எடையைச் சொல்வது. "5 வாங்கினால் பெரிய மீன்" என்று அர்த்தம் இல்லை.

3. முனை நிமிர்கிறதா பாருங்கள்.

கடைக்கு உங்கள் ஜிக்கை எடுத்துப் போங்கள். ரீல் மாட்டி, லைனில் தொங்கவிட்டு மெதுவாகத் தூக்கி நிறுத்துங்கள். முனை வளைந்து, தயங்காமல், நடுக்கம் இல்லாமல் நிமிர வேண்டும். தொங்கியபடியே இருந்தால் ராடு மெலிவு. வளையவே இல்லை என்றால் உங்கள் ஜிக்குக்கு அது கெட்டி.

4. லைன் எண்ணை மதியுங்கள்.

பி.இ. எண் லைனின் தடிமனைச் சொல்வது. பி.இ. 1 என்றால் 0.165 மில்லிமீட்டர். பி.இ. 4 அதைப் போல இரண்டு மடங்கு விட்டம். நல்ல பி.இ. 2 லைன் 15 கிலோ வரை தாங்கும். நம்ம பக்கத்துப் பாறை, கடல்விரால், சீலா, சூரைக்கு ட்ராக்கை ஒழுங்காக வைத்தால் இது போதும். ராடில் போட்டிருக்கும் எண்ணுக்கு மேலே போகாதீர்கள். அதுதான் ஷியர் பின்.

5. ட்ராக்கைத் தராசில் வையுங்கள்.

கை மதிப்பு வேண்டாம். ஒரு தொங்கு தராசை லைனில் மாட்டி இழுங்கள். லைன் தாங்கும் எடையில் நாலில் ஒரு பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை போதும். மீன் ஓட ஓட ஸ்பூல் மெலியும். சுற்றின் ஆரம் பாதியானால் அதே ட்ராக் இரண்டு மடங்கு இறுக்கமாகிவிடும். அப்போது முறுக்கக் கூடாது, தளர்த்தணும்.

6. நீளம் உங்கள் உடம்புக்கு.

6 அடி முதல் ஆறே முக்கால் அடிக்குள் போதும். அடிப்பகுதி அக்குளில் சரியாக அடங்குகிறதா என்று ரீல் மாட்டிப் பாருங்கள். அடங்காவிட்டால் மொத்த முறுக்கமும் மணிக்கட்டிலும் முழங்கையிலும் இறங்கும். அந்தத் தம்பியின் முழங்கை வலிக்குக் காரணம் அதுதான் என்று நினைக்கிறேன்.

7. வளையங்கள் சுழன்று கீழே போகிறதா?

ரீல் மேலே உட்காரும் ராடுகளில் வளையங்கள் மேலே ஆரம்பித்துப் படிப்படியாகச் சுழன்று முனையில் கீழ்ப்பக்கம் வந்தால் நல்லது. பாரம் ஏறும்போது ராடு கையில் புரளப் பார்க்காது. மணிக்கட்டு தப்பிக்கும்.

8. பழைய ராடு வாங்கினால் பரிசோதனை கட்டாயம்.

ஒவ்வொரு வளையத்துக்குள்ளும் கொஞ்சம் பஞ்சை நுழைத்துச் சுற்றுங்கள். நூல் சிக்கினால் உள்ளே விரிசல் இருக்கிறது. அது லைனை அறுக்கும். ராடின் உடல் முழுக்க நகத்தால் தடவிப் பாருங்கள். ஜிக் இடித்த ஒரு சின்ன வடுவிலிருந்துதான் பெரிய முறிவு தொடங்கும்.

ராடை விட ரீலுக்குக் காசு ஒதுக்குங்கள். சண்டை போடுவது அதுதானே.

ஒரு விதிவிலக்கு உண்டு. கலவா கவ்வியதும் முதல் சில வினாடிகளில் பாறைப் பொந்துக்குள் போய்விடும். அங்கே விட்டுக்கொடுக்க இடமில்லை. அந்தமானில் பெரிய பாறையும் நாய்ப்பல் சூரையும் தேடிப் போகிறவர்களுக்கும் இதே பிரச்னை. அங்கே ராடு, லைன், ரீல் மூன்றையும் சேர்த்தே ஒரு படி ஏற்றணும். ராடை மட்டும் ஏற்றினாலோ, லைனை மட்டும் ஏற்றினாலோ என் கதைதான். ஸ்லோ பிட்ச் எல்லா நோய்க்கும் மருந்து இல்லை. அதற்கென்று வேறு கனமான ஜிக்கிங் ராடுகள் இருக்கின்றன.

கையில் ராடு வந்தபிறகு:

மீன் மாட்டியதும் ராடைத் தாழ்த்துங்கள். கிடைமட்டத்துக்கு மேலே போக வேண்டாம்.

படகின் விளிம்பில் ராடைச் சாய்க்காதீர்கள். தொட்ட இடத்தில் முறியும்.

படகருகே வந்ததும் ராடால் தூக்காதீர்கள். வலையோ கொக்கித் தடியோதான். வலை பிடிப்பவர் முகம் ராடுக்கு நேரே இருக்கக் கூடாது. கண்ணாடி போடச் சொல்லுங்கள். இதை எழுதும்போது இப்பவும் எனக்கு அந்தப் புருவம்தான் தெரிகிறது.

கார்பன் மின்சாரத்தைக் கடத்தும். மின்னல் தெரிந்தால் ராடைக் கீழே படுக்க வைத்துவிட்டுக் கரைக்குத் திரும்புங்கள். உயரழுத்தக் கம்பிகளுக்கு அடியில் ராடை நிமிர்த்திக்கொண்டு நடக்கவே கூடாது.

ஜிக் ஈயம். தொட்ட கையோடு கட்டுச்சாதம் சாப்பிடாதீர்கள், சோப்பு போட்டுக் கழுவுங்கள். சில பேர் காசு மிச்சம் என்று வீட்டுச் சமையல் அடுப்பில் ஈயம் உருக்கி ஜிக் வார்க்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். அந்தத் தூசியும் புகையும் வீட்டில் தவழும் குழந்தையின் மூளைக்குத்தான் முதலில் கெடுதல்.

பிரஷர் இருப்பவர்கள், இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர்கள் கவனியுங்கள். மூச்சைப் பிடித்துக்கொண்டு இறுக்கிப் பிடிக்கும்போது ரத்த அழுத்தம் சட்டென்று ஏறும். வாய்விட்டு எண்ணிக்கொண்டே ரீலைச் சுற்றுங்கள், மூச்சு தானாகப் போகும். நெஞ்சில் பாரம் என்றால் ராடை அடுத்தவர் கையில் கொடுங்கள். மீன் போனால் போகட்டும்.

உயிர்காப்புச் சட்டை இல்லாமல் படகில் ஏறாதீர்கள். 2011 டிசம்பர் 25 அன்று இதே பழவேற்காட்டில் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். முகத்துவாரத்தில் மணல் மேடிட்டு அலை மடியும் இடத்தில் நீச்சல் தெரிந்தவரும் திணறுவார். ராடுக்கு ஆயிரக்கணக்கில் செலவு செய்கிறவர் சட்டைக்குக் கணக்குப் பார்க்க வேண்டாம்.

அந்தத் தம்பிக்கு என்ன சொன்னேன்?

ஆறு வாரம் முழங்கைக்கு ஓய்வு. அதற்கான பயிற்சி ஒன்று சொல்லிக் கொடுத்தேன். அதுவரை ராடு வாங்காதே, முதலில் ஒரு தடவை யாருடைய ராடையாவது கேட்டு வாங்கிக் கடலில் ஆட்டிப் பார், எத்தனை பாகத்தில் நிற்கிறாய் என்று எழுதி வைத்துக்கொண்டு வா என்றேன். முகம் வாடித்தான் போனார். மாசச் சம்பளம் தப்பியது இப்போது தெரியாது.

நான் இப்போது போடுவது பி.இ. 2 தான். போன ஞாயிறு இரண்டு மீன் லைனை அறுத்துக்கொண்டு போனது. வலிக்கத்தான் செய்தது. ராடு முழுசாக வீட்டுக்கு வந்தது, முதுகும்தான்.

அந்தப் பையன் இன்னும் எங்களோடு வருகிறான். இடது புருவத்தில் வெள்ளையாக ஒரு கோடு. படகு கிளம்பும் முன் தராசை எடுத்து என் கையில் கொடுப்பது அவன் வேலை.

"டாக்டரு, ட்ராக்கு எவ்ளோ?"

எண்ணைச் சொல்லாமல் அவன் எஞ்சினைக் கிளப்புவதில்லை.



பொது மருத்துவர்,
கும்மிடிப்பூண்டி